யாரு அந்த ரெண்டு?

சலுஸ்தியானு என்ற பெயரை ஞானஸ்நானத்துக்குப் பிறகு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சலு. ஆற்றைக் கடக்கிற பெர்ரிப் படகிலிருந்து இறங்குகிறவர்களைப் பின்னால் உட்கார வைத்துத் தீவுக்குள் கொண்டுபோய் விடுகிற மஞ்சள் மட்கார்டு மோட்டார் சைக்கிள்காரன். எங்கள் கோவாவில் இவர்களுக்குப் பைலட் என்று பெயர். விமானம் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

நான் கித்தேரியா. இறங்குதுறையில் பைலட் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே பாஜிக் குழம்பும் பாவ் ரொட்டியும் டீயும் விற்கிறேன். அந்த ஸ்டாண்டில் பிறக்கிற வதந்தியை முதலில் கையில் வாங்குகிறவள் நான்தான். அதனால் சலுவைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

சலுவின் பெருமை வண்டியோட்டுவதில் இல்லை. அதில் அவன் சாதாரணம்தான், கொஞ்சம் மெதுவுகூட. அவன் பெருமையெல்லாம் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றி நிற்கிற ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. அதன் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் உண்டு. ஐந்து படி. கொக்கி ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் ஸ்பிரிங் இறுகிப் படி ஏறும். மறுபக்கம் திருப்பினால் தளர்ந்து இறங்கும். மற்ற பைலட்டுகள் வண்டி வாங்கிய அன்றே ஐந்தாம் படியில் வைத்துவிட்டு அந்த வளையத்தை மறந்துவிடுவார்கள். அரிசி மூட்டை வரும், கப்பலிலிருந்து திரும்புகிறவனின் பெட்டி வரும், என்னைப் போன்றவளும் வருவாள், எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒல்லியான ஆள் ஏறினால் அவர் பாடு திண்டாட்டம். ஐந்தாம் படியில் ஸ்பிரிங் அமுங்காது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்பில் வந்து பேசும்.

சலுவும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான், நாலில் வைத்து மறந்திருந்தான். அவன் மனைவி இனாசினா முதல் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவன் வண்டியில் போய் வந்தபோது, இடுப்பு போகிறது என்றாள். ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் மெத்தை மாதிரி இருக்கும் என்று இவன் மெக்கானிக்கை விட்டு நாலிலிருந்து ஐந்துக்கு ஏற்றினான். அவள் அப்போதே மசக்கையில் ஒடிந்து போய் ஒரு கைப்பிடிதான் இருந்தாள். மறுநாள் என் கடை வாசலில் இறங்கி, எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"நீ என்னைக்காவது உன் வண்டியில பின்னாடி உட்கார்ந்திருக்கியா?"

"பைலட் எதுக்கு பின்னாடி உட்காரணும்?"

"உட்காரு. என் தம்பி ஓட்டட்டும். கோயில் வரைக்கும் போயிட்டு வா. அப்புறம் பேசு."

ஆகஸ்ட் மாதம். மழை ரோட்டைத் தின்று முடித்திருந்த நேரம். சலு போய்த் திரும்பி வந்து என் கடையில் நின்றுகொண்டே டீ குடித்தான். பெஞ்சைக் காட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினான். அன்று மாலை பெர்ரி ஏறி அக்கரையில் ரிபந்தர் பக்கம் போய் ஒரு கொக்கி ஸ்பேனர் வாங்கி வந்தான். அது இன்றுவரை அவன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கழுத்துச் சிலுவையை மறந்து வெளியே வந்தாலும் வருவான், அதை மறக்க மாட்டான்.

அதற்குப் பிறகு ஆள் ஏறுவதற்கு முன் ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பான், குனிவான், இரண்டு பக்கமும் டக் டக் என்று திருப்புவான். ஏறி உட்கார்ந்ததும் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பான். வண்டி சரியாக அமுங்கியிருந்தால் கண்ணாடியில் பின்னால் உள்ள ரோடு தெரியும். அமுங்காவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், கண்ணாடியில் தென்னைமரத் தலைதான் தெரியும். தென்னை தெரிந்தால் இறங்கச் சொல்லி ஒரு படி குறைப்பான். இவ்வளவுதான் அவன் வித்தை.

நாளாக ஆக, தீவில் ஆளுக்கொரு படி நிலைத்துவிட்டது. நான் ஐந்து. மறைக்க என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது. பாதிரியார் தவக்காலம் முழுக்க மூன்று, ஈஸ்டர் கழிந்து நாலு. சலு சவாரி முடிந்து வந்து நின்றால் மற்ற பைலட்டுகள் முதலில் குனிந்து வளையத்தைத்தான் பார்ப்பார்கள். பார்த்து, யாரை விட்டுவிட்டு வருகிறான் என்று சொல்லுவார்கள். அதில் கெட்டிக்காரன் ஜெர்வாசியோ. ஸ்டாண்டின் மூத்த பைலட், அதைவிட மூத்த வாய். மேலத்தெரு வீட்டு மருமகள் இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்ததைப் பார்த்து, "அந்த வீட்டுல தொட்டில் வாங்கச் சொல்லுங்க" என்று அறிவித்தவன் அவன். மாமியாருக்கே செய்தி ஸ்டாண்டிலிருந்துதான் போனது.

ஒலிந்தா நாலு. வருடக்கணக்காக நாலு.

ஒலிந்தா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தையல்காரி. இந்தத் தீவில் கல்யாண கவுன் போட்ட எவளுடைய இடுப்பளவும் அவளுக்குத் தெரியும். அப்பா அம்மா போன பிறகு தம்பி ரோமால்துவை வளர்த்தவள் அவள்தான், கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அவன் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்துக் காத்து, ஒருவழியாக முதல் ஒப்பந்தம் கிடைத்துப் போனான். போகும்போது இறங்குதுறையில் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுததில் பெர்ரியே தாமதமாகப் புறப்பட்டது. அக்காவுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டால் போட்டது போட்டபடி ஓடிவருகிறவன் அவன். நடுவில் கப்பலை விட்டு இறங்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள்.

அவன் போன கொஞ்ச நாளில் ஒலிந்தாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும், பலமுறை போய்வர வேண்டும் என்றார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஸ்டாண்டுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. தீவிலிருந்து கப்பலுக்குப் போன பையன்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இறங்குதுறையில் ஒருவர் தும்மினால் நடுக்கடலில் இன்னொருவன் ஆசீர்வாதம் சொல்கிற ஏற்பாடு அது. சொன்னால் ரோமால்து மறுநாளே மூட்டை கட்டுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் பணஜிக்கு லேஸ் வாங்கப் போகிறேன், ஜரிகை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சலுவின் வண்டியில் போய் வந்தாள். உடம்பு இளைக்க இளைக்கத் தன் சட்டைகளைத் தானே பிரித்து உள்ளே துணி வைத்துத் தைத்துக்கொண்டாள். தலைக்கு ஸ்கார்ஃப். எதிரே உட்கார்ந்து டீ குடித்த எனக்கே எதுவும் தெரியவில்லை. ஊர்வம்புக்குப் பேர்போன எனக்கே தெரியவில்லை என்றால் அவள் கைத்திறமையை நினைத்துப் பாருங்கள்.

சலுவின் கண்ணாடியில் மட்டும் தென்னைமரம் தெரிந்தது.

அவன் வாயைத் திறக்கவில்லை. ஸ்டாண்டில் வைத்துப் படியைக் குறைத்தால் ஜெர்வாசியோ பார்ப்பான், குறைக்காவிட்டால் பின்னால் இருக்கிறவளுக்கு வலிக்கும். ஒருநாள் அக்கரையில் இறங்கி ரிபந்தரைத் தாண்டியதும், ஒரு குழியில் ஒலிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது அவன் காதில் விழுந்தது. ஓரமாக நிறுத்தினான். இந்தப் பேச்சை ஒலிந்தாவே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"என்ன சலு, ஏன் நிறுத்திட்ட?"

"சங்கிலி கொஞ்சம் தொங்குது. இறங்கு, பாத்துடறேன்."

அவள் இறங்கி நின்றாள். டக் டக் என்று இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தையல்காரியின் காது, எண்ணிக்கொண்டது. மறுபடி ஏறி உட்கார்ந்தபோது வண்டி அவளை வாங்கிக்கொண்டது. கொஞ்ச தூரம் போன பிறகு அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"திரும்பி வரும்போது பெர்ரிக்கு முன்னாடி அந்தச் சங்கிலியை இறுக்கிடு, சலு."

"இறுக்கிடறேன்."

"எப்பவும்."

"எப்பவும்."

இவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை நேரமானாலும் காத்திருப்பான். போகும்போது ரிபந்தர் தாண்டிப் படியை இறக்குவான், வரும்போது பெர்ரிக்கு முன் ஏற்றுவான். ஸ்டாண்டுக்கு வரும்போது வளையம் ஒழுங்காக நாலில் நிற்கும். டயரிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருந்தான். மழைக்கு வழுக்காமல் இருக்க என்று கேட்டவர்களிடம் கதை விட்டான்.

ஒருநாள் மறந்துவிட்டான்.

அன்று ஒலிந்தாவுக்கு மிகவும் முடியவில்லை. வழியில் இரண்டு முறை நிறுத்தி வாந்தியெடுத்திருக்கிறாள். கடைசி நிமிடத்தில் பெர்ரியைப் பிடித்து, இவள் எங்கே விழுந்துவிடுவாளோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றதில் சலுவுக்கு ஸ்பேனர் நினைவுக்கு வரவில்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். கடை மூடி, மிச்சமிருந்த பாஜிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். எப்போதும் குனிகிறவன் அன்று குனியவில்லை. நான் ஐந்து, வண்டி இரண்டில். இறங்குதுறை முனையில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதில் ஏறி இறங்கியதும் தொம் என்று ஒரு சத்தம். ஷாக் அடிவரை போய் இரும்பில் இடித்தது. பாத்திரம் எகிறிப் பாஜி முழுவதும் சலுவின் முதுகில்.

நான் திட்டினேன். எனக்குத் திட்ட வரும். ஆனால் நான் திட்டியது பிரச்சினையில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெர்வாசியோ கைபேசி வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்துவிட்டான்.

"ரெண்டு. சலு, வண்டி ரெண்டுல இருக்கு."

சலு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊர்ல ரெண்டு யாரும் இல்லையேப்பா. மேலத்தெரு மருமக இப்ப மூணு. யாருக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வர்ற?"

"சும்மா திருப்பிப் பார்த்தேன்."

"சும்மா திருப்பிப் பார்க்கிற ஆளா நீ? சொல்லு, யாரு அந்த ரெண்டு?"

அப்புறம் கேட்க வேண்டுமா. மறுநாள் அந்த 'ரெண்டு'க்கு வயது வந்தது, நிறம் வந்தது, அக்கரையில் ஒரு வீடும் வந்தது. பாஜி எடுத்து வைத்துக்கொண்டே நானும் கொஞ்சம் சேர்த்துவிட்டேன், பொய் சொல்வானேன். சலு மட்டும் வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்குள் விஷயம் இனாசினாவின் காதுக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை அவள் மீன் கூடையோடு ஸ்டாண்டுக்கு வந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள்.

"யாரு அந்த ரெண்டு?"

பைலட்டுகள் எல்லாரும் திடீரென்று தங்கள் வண்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

"வீட்டுக்குப் போ இனாசி, சாயந்திரம் பேசலாம்," என்றான் சலு.

"சாயந்திரம் நீ பேச மாட்டே. மூணு நாளா பேசல. எனக்காக வாங்கின ஸ்பேனர்யா அது. அதை வச்சுக்கிட்டு எவளை மெத்தையில வச்சு ஓட்டறே?"

சலுவின் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிடத் துடிக்கிற முகம். ஒரு வார்த்தை சொன்னால் அவன் வீடு சரியாகிவிடும். அந்த ஒரு வார்த்தை மதியத்துக்குள் கப்பலில் ரோமால்துவின் கைக்குப் போய்விடும். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருத்தியும் இல்ல. நம்பினா நம்பு."

இனாசினாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததேயில்லை. எல்லாரையும் அழ வைக்கிறவள் அவள்.

அந்த நேரம் பார்த்து ஒலிந்தா ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக ஸ்டாண்டை நோக்கி நடந்து வந்தாள். அவள் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை, எல்லார் கண்ணும் இவர்கள் மேல் இருந்தது. நான்தான் பார்த்தேன். அவள் சலுவைப் பார்த்தாள். சலு மிக லேசாக, வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இனாசி," என்றாள் ஒலிந்தா. "நான்தான் ரெண்டு."

"நீயா? நீ நாலு."

ஒலிந்தா ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். தலையில் ஒரு முடி இல்லை. சட்டையின் இடுப்பைக் கையால் பிடித்து இழுத்துக் காட்டினாள். துணியும் பஞ்சும்தான் கையில் வந்தது.

"தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னு சலுகிட்ட நான் வாய்விட்டுக் கேட்டதுகூட இல்ல. அவனா புரிஞ்சுக்கிட்டான். அவனைத் திட்டாதே."

இனாசினா போய் ஒலிந்தாவின் ஸ்கார்ஃபை வாங்கி, அவளே தலையில் கட்டிவிட்டாள். கட்டி முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்து, "மரக்கட்டை," என்றாள். அது அவர்கள் வீட்டில் நல்ல வார்த்தை.

ஜெர்வாசியோவின் கையில் கைபேசி இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தோம். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"குழுவுல ஒருத்தனும் இதைப் பத்தி எழுதக் கூடாது. எழுதினா அவனுக்கு இந்த ஸ்டாண்டுல இடம் இல்ல. சரி, கப்பல்ல இருந்து லீவுல வர்றானுங்களே பசங்க, அவனுங்களுக்கும் இந்தப் படி விளையாட்டு தெரியும். சலு வண்டி மட்டும் ரெண்டுல நின்னா கேட்பானுங்க." கொஞ்சம் யோசித்தான். "சலு, அந்த ஸ்பேனரைக் குடு."

குனிந்து தன் வண்டியின் வளையத்தோடு மல்லுக்கட்டினான். ஐந்தாம் படியில் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தது அது. எண்ணெய் விட்டு, உதைத்து, கெட்ட வார்த்தை சொல்லி, கடைசியில் இரண்டுக்குக் கொண்டுவந்தான். பிறகு ஸ்பேனர் கைமாறிக் கைமாறி ஸ்டாண்டு முழுக்கச் சுற்றியது.

அந்த மழைக்காலத்தை எங்கள் தீவு மறக்காது. எல்லா வண்டியும் இரண்டில். கனமான ஆள் யார் ஏறினாலும் ஒவ்வொரு குழிக்கும் தொம். வேகத்தடையில் தொம், கோயில் முனையில் தொம். பாதிரியார் பிரசங்கத்திலேயே குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு முழங்கால் முகவாயில் இடித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஜெர்வாசியோ, "இப்ப இதுதான் ஃபேஷன்," என்றான். யாரு ரெண்டு என்று கேட்க எவனாலும் முடியவில்லை. ஒலிந்தா மட்டும் ஒரு முனகல் இல்லாமல் போய் வந்தாள். சலுவுக்கு முடியாத நாளில் எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறினாள்.

ரோமால்து ஒப்பந்தம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு வந்தான். அக்காவே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலை இறங்குதுறைக்கு வந்து எங்களை நிற்க வைத்துக் கேட்டான்.

"அவ்வளவு பேர் இருக்கீங்க. ஒருத்தருக்குக்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

அதன் பிறகு அவன் என் கடைக்கு வருவான், தின்பான், எங்களோடு பேச மாட்டான். சலுவின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான். சலுவுக்கு அது உள்ளே அறுத்தது. எனக்குத் தெரியும், அந்த நாட்களில் அவன் பாஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவான்.

மருந்து முடிந்து, கிறிஸ்துமஸும் போய், ஒரு காலைநேரம். ரோமால்து என் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாவ் ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டிருந்தான். ஒலிந்தா பரிசோதனைக்குப் போவதற்கு வந்தாள். இன்னும் இரண்டிலேயே இருந்த சலுவின் வண்டியில் ஏறினாள். நான் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தேன். சலு கண்ணாடியைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். வண்டியை எடுத்தான். வேகத்தடையில் ஏறி இறங்கினான்.

தொம்.

ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த பைலட்டுகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஜெர்வாசியோ தொப்பியைக் கழற்றினான்.

"என்னாச்சு?" என்றான் ரோமால்து, பல நாளைக்கப்புறம் என்னிடம். "ஏன் எல்லாரும் எழுந்துட்டாங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உங்க அக்கா ரெண்டுல அடங்கலடா," என்றேன். "உடம்பு திரும்பி வருது."

வேகத்தடையைத் தாண்டி வண்டி நின்றிருந்தது. ஒலிந்தா சலுவின் தோளில் கைவைத்து ஏதோ சொல்வது தெரிந்தது. சலு வண்டியைத் திருப்பினான். அதே வேகத்தடையில் மறுபடி ஏறி இறங்கினான். தொம். ஒலிந்தா சிரித்தாள், இறங்குதுறை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். இன்னொரு முறை திருப்பச் சொன்னாள்.

கடைசியில் வண்டி ஸ்டாண்டு முன்னால் வந்து நின்றபோது ரோமால்து டீயை வைத்துவிட்டுப் போயிருந்தான். சலுவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினான். குலுக்கத்தான் நீட்டுகிறான் என்று நினைத்து சலுவும் கையை நீட்டினான்.

"ஸ்பேனரைக் குடு அண்ணே," என்றான் ரோமால்து.

அக்கா இறங்கி நிற்க, அவன் எல்லார் எதிரிலும் மண்டியிட்டு, இந்தப் பக்கம் ஒரு டக், அந்தப் பக்கம் ஒரு டக் திருப்பி, மூன்றில் வைத்தான்.